பூப்போட்டுப் பாத்துட்டு ஆரம்பிக்கலாம்

உக்காருங்க தம்பி. பைய நான் மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லா நகந்து உக்காருங்க. பாத்து, கனமுங்க. கோயிலுக்குப் போற பையில என்னடா இவ்வளவு கனமுன்னு நெனைப்பீங்க. எங்கூட்டுக்காரி மயிலாத்தா கட்டிக் குடுத்தது. தேங்கா, பழம், கற்பூரம், அது செரி. தூக்குப்போசியில தக்காளிச் சோறு, அதுவும் செரி. அடியில ஒரு பூட்டு வெச்சிருக்கறா. புதுப் பூட்டு, அரைக்கிலோ இருக்கும். முனியப்பனுக்குப் பூட்டு எதுக்குங்க? கேட்டா "இருக்கட்டும்"ங்கறா. கல்யாணமாகி முப்பது வருசத்துல நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவகிட்ட இருக்கற பதிலு இது ஒண்ணுதான். வெயில் காலத்துல குடைய எடுத்து நீட்டுவா. எதுக்குடின்னா இருக்கட்டும். சாயங்காலம் மழை வரும், அது வேற விசயம்.

கோவிச்சுக்காதீங்க, ஏறறதுக்கு முன்னால நீங்க போன்ல பேசினது காதுல உழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலைங்க. நீங்கதான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கே கேக்கற மாதிரி பேசினீங்க. வேலைய உட்டுப்போட்டு மரச்செக்குப் போடப் போறீங்களாமா. சரவணம்பட்டியில ஏசி ரூம்புல உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டற வேலை. அத உட்டுட்டு அன்னூர்ல கடலை ஆட்டப் போறீங்க. நல்லதுங்க. சந்தோசம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நீங்க ரெடியா?

இப்படித்தான் எல்லாரும் தலையாட்டறாங்க. ரெடின்னா என்னன்னு யாருக்கும் தெரியறதில்லை. தொழில் ஆரம்பிக்கறதப் பத்தி இந்தக் கோயமுத்தூருக்குள்ள என்னயவிட அதிகமா யோசிச்ச மனுசன் கெடையாதுங்க. பெருமைக்குச் சொல்லலை. இருபது வருசமா யோசிக்கறேன். அதுவும் கம்பெனியில எட்டு மணி நேரம் லேத்து ஓட்டிக்கிட்டே. தூங்கறப்பக் கூட யோசிச்சிருக்கறேன்னு மயிலாத்தா சொல்லுவா.

இந்தாங்க, கார்டு. வாங்கிப் பாருங்க. ஸ்ரீ முனியப்பா இன்ஜினியரிங் ஒர்க்ஸ். உரிமையாளர், கே. நாச்சிமுத்து. எழுத்தத் தடவிப் பாருங்க, மேல எம்பி இருக்கும். ஐந்நூறு கார்டு அடிச்சேன், ரெண்டாயிரத்து நாலுல. அந்த போன் நம்பருக்கு மட்டும் அடிச்சுப்போடாதீங்க. அது லேண்ட்லைன், கட் பண்ணி எட்டு வருசம் ஆச்சு. மத்தபடி கார்டுல ஒரு தப்பும் சொல்ல முடியாது. பேரு கூட எண் கணிதம் பாத்து வெச்சது. மொதல்ல 'முனியப்பன்'னு 'ன்' போட்டிருந்தேன், அந்த 'ன்'னால நட்டம் வருமுன்னு சொன்னாங்க, எடுத்துப்போட்டேன். பேர்ப் பலகையும் இருக்குது, ஆறடிக்கு ரெண்டடி, கட்டிலுக்கு அடியில. வருசா வருசம் ஆயுதபூசைக்கு எடுத்துத் தொடைச்சு, சந்தனம் வெச்சு, திரும்ப உள்ள தள்ளிருவேன். ரப்பர் ஸ்டாம்பு கூட இருக்குது. உங்ககிட்ட ரப்பர் ஸ்டாம்பு இருக்குதுங்களா? இல்லை. பாத்தீங்ளா. ஆனா தலைய மட்டும் ஆட்டறீங்க.

பயிற்சிக்குப் போனீங்களா? அரசாங்கத்துல மூணு நாள் வெப்பாங்க, தொழில் முனைவோர் பயிற்சின்னு. இலவசம், மத்தியானம் சாப்பாடு. நான் நாலு தடவ போயிருக்கறேன். மொதத் தடவ போனப்ப பக்கத்துல ஒரு பொம்பளப்புள்ள உக்காந்திருந்துச்சு. பாக்குமட்டையில தட்டுச் செய்யப் போறேன்னு நோட்டுல எழுதிக்கிட்டிருந்துச்சு. நான்தான் பேனா குடுத்தேன். ரெண்டாவது தடவ போனப்ப அதே புள்ளை எங்களுக்குப் பேச வந்திருந்துச்சு, நான் எப்படித் தொழில் ஆரம்பிச்சேன்னு. நாலாவது தடவ எங்களுக்கு மத்தியானச் சோறு போட்டதே அந்தப் புள்ளையோட தட்டுலதான். எனக்கென்னமோ அந்தத் தட்டு கொஞ்சம் மெல்லிசாப் பட்டுச்சு. அந்தத் தடவ என்னய நன்றியுரை சொல்லச் சொன்னாங்க. நாலு தடவ வந்தவரு நீங்க ஒருத்தருதாங்க அண்ணான்னு சொல்லி மேடைக்குக் கூப்பிட்டாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அதுவும் ஒரு தகுதிதானுங்களே.

இதெல்லாம் இல்லாம ஆரம்பிச்சவனையும் பாத்திருக்கறேன். சவரிமுத்துன்னு ஒருத்தன். எங்க கம்பெனியில எனக்குக் கீழ நாலு வருசம் வேலை பாத்தான். பம்புக்கு ஷாஃப்ட் கடையறது எங்க வேலை. இரும்புக் கம்பிய லேத்துல மாட்டி, அளவுக்குச் சீவி எடுக்கோணும். மயிரிழை பிசகினா பம்பு கத்தும். இந்தக் கை முப்பத்தேழு வருசத்துல பிசகினதில்லை. அவனுக்குக் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஒரு நாளு டீ குடிக்கறப்ப, "அண்ணா, நான் தனியாப் பட்டறை போடறனுங்கண்ணா"ன்னான். எங்கடான்னேன். "மாமனாரு ஊட்டு மாட்டுக் கொட்டாயிலங்கண்ணா"ன்னான். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் லேத்து. அதும் பழைய லேத்து. பேரு என்னடா வெச்சிருக்கறேன்னு கேட்டா, "பேருங்களாண்ணா? இன்னும் வெக்கலீங்களே"ங்கறான்.

நான் அப்பவே சொல்லிப்போட்டேன், மூணு மாசம் தாண்ட மாட்டேடான்னு. பதினாலு வருசம் ஆச்சு. இப்ப மூணு ஷெட்டு, பதினெட்டு ஆளு. இருந்தாலும் நான் சொன்னதுல தப்பில்லீங்க. அடிப்படை செரியில்லை. மழை பேஞ்சா மொத ஷெட்டுல இன்னும் மாட்டு வாசம் வருதுங்கறாங்க. போன மாசம் என்னயப் பாக்க ஊட்டுக்கே வந்துட்டான். "அண்ணா, எம்பட மொத லேத்து சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க. ஷாஃப்ட் வேலையும் நானே அனுப்பறேன், என் பசங்களுக்கு உங்க கை வராது"ங்கறான். எப்படி இருக்குது கதை. அவன் கழிச்சுப் போட்ட மிசின்ல நான் தொழில் ஆரம்பிக்கோணுமாம். மயிலாத்தா காபி கொண்டாந்து குடுத்துட்டு, "எப்பங்க வந்து எடுத்துக்கறது?"ன்னு கேக்கறா. அவளுக்கு லேத்துன்னா என்னன்னும் தெரியாது, மரியாதைன்னா என்னன்னும் தெரியாது.

என்னயக் கேட்டா, எல்லாம் ரெடி. கார்டு ரெடி, பலகை ரெடி, கை ரெடி. எதனால ஆரம்பிக்கலைன்னு கேக்கறீங்க. சாமி உத்தரவு குடுக்கலைங்க.

சிரிக்காதீங்க. எங்க பக்கம் பூப்போட்டுப் பாக்காம ஒரு நல்ல காரியமும் பண்ண மாட்டோம். பொண்ணெடுக்கறதா, கெணறு வெட்டறதா, எதுன்னாலும் மொதல்ல பூ. ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளரளி. தனித்தனியாக் காகிதத்துல மடிச்சு, ரெண்டும் ஒரே மாதிரி பொட்டணமாக் கட்டி, சாமி முன்னால போட்டுரோணும். சின்னக் கொழந்தை ஒண்ணக் கூப்புட்டு ஒரு பொட்டணத்த எடுக்கச் சொல்லோணும். வெள்ளை வந்தா செய்யலாம். செவப்பு வந்தா வேண்டாம். அவ்வளவுதான், நேரான கணக்கு. கேக்கறவன் கையால பொட்டணம் கட்டப்படாது. அதனால எனக்கு மயிலாத்தாதான் கட்டுவா. அந்த ஒரு வேலையில அவளக் கொறை சொல்ல முடியாது, எது எதுன்னு கட்டினவளுக்கே தெரியாத மாதிரி கட்டுவா. எடுக்காத பொட்டணத்தப் பிரிச்சும் பாக்கப்படாதுங்க. பாத்தா சாமி மேலயே சந்தேகப்பட்ட மாதிரி. அது அப்படியே அரளிச் செடி அடியில போட்டுட்டு வந்துரோணும்.

இந்த ரோட்டுலதான், கோயில்பாளையம் தாண்டி, முனியப்பன் கரடுன்னு ஒரு ஸ்டாப்பு. சின்னக் குன்று, மேல எங்க குலசாமி. மொதல்ல கேட்டது கார்டு அடிச்ச வருசம். கேக்கப் போறதுக்கு முன்னால மூணு நாளு எனக்குத் தூக்கமே இல்லை. சோறு எறங்கலை. ரெண்டு தடவ வாந்தி. சாமி விசயமில்லீங்களா, ஒடம்பு அப்படித்தான் தயாராகும். ஒரு கொழந்தை வந்து எடுத்துச்சு. செவப்பு. எனக்கு வந்த துக்கத்தச் சொல்லி முடியாது. திரும்பி வர்ற வழியில ஓட்டல்ல உக்காந்து ஆறு புரோட்டா சாப்பிட்டேன். சில பேருக்குத் துக்கம் வந்தாப் பசிக்கும், எனக்கு அப்படி. மயிலாத்தா ஒரு புரோட்டாவ வெச்சுக்கிட்டு என்னயவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்கு ராத்திரி படுத்ததுதான் தெரியும், காலைல ஏழு மணிக்குத்தான் எந்திரிச்சேன்.

ஏழு வருசம் கழிச்சு ரெண்டாவது தடவ. அப்பவும் அதே தூக்கமில்லை, அதே வாந்தி. செவப்பு. ஊட்டுக்கு வந்து கொள்ளுப்பருப்புச் சோறு மூணு தடவ போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு வருத்தம்.

மூணாவது தடவதான் அதிசயம். எங்க சின்னப்புள்ளை பத்தாவது எழுதின வருசம். செவப்பு வந்துச்சு. இதென்னடா, ஒரு தடவையோட ஒத்துக்கறதான்னு, திரும்பக் கட்டச் சொல்லி, கலைச்சுப் போட்டு, வேற கொழந்தைய எடுக்கச் சொன்னேன். செவப்பு. பூசாரியவே எடுக்கச் சொன்னேன். செவப்பு. மூணு கை, மூணு தடவ, மூணும் செவப்பு. சாமி எவ்வளவு தெளிவாப் பேசுதுன்னு பாருங்க. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. கண்ணுல தண்ணி. மயிலாத்தாளுக்கும் கண்ணு கலங்குச்சுன்னு வெச்சுக்குங்க, ஆனா அவ சாமியப் பாக்கலை, என்னயத்தான் பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்குச் சாமி பக்தி கொஞ்சம் கம்மிதான்.

அதனால நான் கம்பெனியிலயே இருந்தேன். இருந்தது ஒண்ணும் வீணாப் போகலைங்க. எங்க பெரிய முதலாளிக்கு நான்னா உசுரு. ஒவ்வொரு தடவையும் அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் பூக் கேக்கப் போவேன். "கேளப்பா, கேளு, சாமி சொன்னாத் தாராளமாப் போ"ன்னு சொல்லுவாரு. செவப்பு வந்துச்சுன்னு சொன்னா, தோளைத் தட்டி, "நான் சொல்லலை?"ன்னு சிரிப்பாரு. தீவாளிக்கு ஒரு பாக்கெட் இனிப்பு சேத்துக் குடுப்பாரு. அப்படிப்பட்ட மனுசன்.

அவரு போன பொறகு சின்னவரு வந்திருக்கறாரு. வெளியூர்ல படிச்சவரு. வந்ததும் கம்ப்யூட்டர் மிசின் எறக்கினாரு. அதுல ஒரு பையன் பொத்தானை அமுக்கறான், ஷாஃப்ட் அதுபாட்டுக்கு வந்து உழுகுது. ரெண்டு வாரத்துக்கு முன்னால என்னயக் கூப்புட்டாரு. "நாச்சிமுத்து அண்ணா, இத்தன வருசம் நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டீங்க, இனி உக்காந்து பாருங்க"ன்னாரு. கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக் குடுத்திருக்கறாரு. உள்ள வர்ற வண்டி நம்பர், வெளிய போற வண்டி நம்பர், எழுதோணும். எத்தனை பேருக்குங்க நாற்காலி கெடைக்குது? மரியாதைதானுங்களே. நான் சந்தோசமாத்தான் இருக்கறேன். இந்த ரெண்டு வாரமா வயிறுதான் கொஞ்சம் செரியில்லை. சோத்தப் பாத்தா கசக்குது. கேஸ் டிரபிள்னு மருந்துக் கடைக்காரரு சொன்னாரு. மயிலாத்தா, தட்டுல மிச்சம் வெக்கற சோத்தப் பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவா.

அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு சும்மா இருக்க முடியலைங்களே. ஞாயித்துக்கெழமை சும்மா இப்படி வந்தேன். கரட்டுக்கு அடுத்த ஸ்டாப்பு, நால்ரோடு. அங்க ஒரு ஷெட்டு காலியா இருக்குதுன்னாங்க. பாத்தேன். நல்ல ஷெட்டு, கரண்டு இருக்குது, மேக்க பாத்த வாசல். மறுநாளும் வேலை முடிஞ்சு வந்து பாத்தேன். அதுக்கு மறுநாளு விளக்கமாறு எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தேன். வாடகைக்கே எடுக்கலை, கூட்டறது எதுக்குன்னு கேக்காதீங்க. குப்பையா இருந்துச்சு, கூட்டினேன். ஷெட்டுக்காரரு இன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும் எனக்காகப் பாக்கறேன்னிருக்கறாரு. அதுக்கு மேல இன்னொருத்தருக்குக் குடுத்துருவாராம். அந்த ஆளு கோழித் தீவனம் போட்டு வெக்கறதுக்குக் கேக்கறாராம். நான் கூட்டி வெச்ச தரையில கோழித் தீவனம்.

அதனாலதான் இன்னிக்குப் பூக் கேக்கப் போறேன். பொட்டணம் ரெண்டும் மயிலாத்தா கட்டிக் குடுத்துட்டா, பையில இருக்குது. மொதல்ல முனியப்பன், அப்பறம் ஷெட்டு. வெள்ளை வந்தா ஒரே ஓட்டமா நால்ரோடு. செவப்பு வந்தா இப்படியே பஸ் ஏறி ஊட்டுக்கு. நாளைக்கு நாற்காலி. நீங்களும் அவசரப்பட்டு ராஜினாமாக் கடுதாசி குடுத்துராதீங்க தம்பி. உங்களுக்குக் குலசாமி எதுங்க? தெரியாதா? செரியாப் போச்சு. குலசாமியே தெரியாதவனுக்கு யாரு உத்தரவு குடுப்பாங்க?

அட... புடிங்க, புடிங்க பைய. என்ன பிரேக்குடா இது. ஆடு குறுக்க வந்துச்சா? ஆட்டைப் பாத்துப் புடிக்கற பிரேக்குல ஆளுங்க செத்துருவோம் போலிருக்குது. தேங்கா தப்பிச்சுதுங்களா? போசி கவுரலை, செரி. பொட்டணம்... அந்தா, உங்க காலுக்கிட்ட. ரெண்டும் கீழ உழுந்துருச்சு. ஒண்ணு கிழிஞ்சு போச்சுங்க தம்பி. மிதிச்சது நீங்களா நானா, உடுங்க. வெள்ளை தெரியுது பாருங்க.

இப்ப என்ன பண்றது? கிழிஞ்சது வெள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பறம் கொழந்தை எடுத்தென்ன, எடுக்காட்டியென்ன. ரெண்டையும் பிரிச்சு வேற காகிதத்துல, ஒரே மாதிரி திரும்பக் கட்டோணும். நீங்கதான் கட்டித் தரோணும், நான் கட்டப்படாது. உங்க கையில பேப்பர் இருக்குதுங்களே, அதுல பாதி குடுங்க. படிச்சுட்டீங்கல்ல? அந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிங்க. செவப்பு வாடிருக்கும், பாத்துப் பிரிங்க.

என்னங்க?

எங்க, காட்டுங்க.

இதுவும் வெள்ளைதான். பாருங்க, நான் சொல்லலை? ஒரு வேலை உருப்படியாத் தெரியாது. அந்த ஒரு வேலையாச்சும் ஒழுங்காச் செய்யறாளேன்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொல்லி வாய் மூடலை. செவப்பு வெக்க மறந்துட்டு ரெண்டு வெள்ளைய மடிச்சுக் குடுத்திருக்கறா. இருங்க, போன் போடறேன். இப்ப நான் செவப்புக்கு எங்க போறது?

ஏம்புள்ள. நான்தான். செவப்பு எங்க? ... செவப்புப் பூ எங்கன்னு கேக்கறேன். ரெண்டுலயும் வெள்ளைதான் இருக்குது, மறந்துட்டயா? ...

என்ன மறக்கலை? ...

மறக்கலையாமா தம்பி.

சத்தம் போடலை, சொல்லு. ... எப்ப? ... மூணு தடவையும்? ...

இரு புள்ள. இரு. பஸ்ஸுல இருக்கறேன்.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. லைன்ல இருக்கறா. 'இதுக்கு முன்ன மூணு தடவையும் ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பத்தான் வெச்சேன், அன்னிக்கு வெள்ளை எங்கன்னு கேட்டீங்களா'ங்கறா.

ஏம்புள்ள அப்படிப் பண்ணின? ... ம். ... ம். ... செரி, வெச்சுரு. ... வெச்சுருன்னேன்ல. ... சாப்பிடறேன், சாப்பிடறேன்.

தண்ணி இருக்குதுங்களா தம்பி? குடுங்க.

'கேக்கப் போற அன்னிக்கெல்லாம் காய்ச்சக்காரன் மாதிரி நடுங்கினீங்க. வேண்டாமுன்னு யாராச்சும் சொல்லிற மாட்டாங்களான்னு இருந்தீங்க. அதான் சொல்ல வெச்சேன். செவப்பப் பாத்த அன்னிக்குத்தான் நீங்க வயிறாரச் சாப்பிட்டீங்க'ங்கறா. 'இந்த ரெண்டு வாரமாச் சாப்பிடலையே, அதனால இன்னிக்கு வெள்ளை'ங்கறா. எவ்வளவு சுளுவாச் சொல்றா பாருங்க, உப்புக் கம்மி, கொஞ்சம் சேத்தேங்கற மாதிரி.

இருபது வருசங்க.

நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், சாமி எனக்கு உத்தரவு குடுக்கலைன்னு. பெரிய முதலாளிகிட்டச் சொன்னேன், சவரிமுத்துகிட்டச் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொன்னேன். முனியப்பன் ஒருக்காக் கூட வேண்டாமுன்னு சொல்லலைங்க தம்பி. அவரக் கேக்கவே இல்லை. ஆறு புரோட்டாவத்தான் கேட்டிருக்கறேன்.

கோவந்தான் வருது. பொம்பளைக்கு எவ்வளவு தெகிரியம், சாமி பொட்டணத்துல கைய வெக்கறதுக்கு. ஊட்டுக்குப் போய் வெச்சுக்கறேன். ஆனா அவ சொன்னது பொய்யின்னு சொல்ல வாய் வரலை. அந்தப் புரோட்டா ருசி இன்னும் நாக்குல இருக்குதுங்க. துக்கத்துல தின்ன சோறு அப்படியா ருசிக்கும்?

என்ன கேக்கறீங்க? ஆமாமா, ரெண்டும் வெள்ளைன்னா எதை எடுத்தாலும் வெள்ளைதான். அதுதான் பயமா இருக்குதுங்க தம்பி. நெஜமாவே பயமா இருக்குது. இத்தன நாளு போறப்ப ஒரு செவப்பும் கூடவே வருதுன்னு ஒரு தெம்பு இருந்துச்சு. இப்ப வேண்டாமுன்னு சொல்றதுக்கு ஆளே இல்லை. மேல ஏறிப் போய், அங்க அரளிச் செடியில ஒரு செவப்பப் பறிச்சு, புதுசாக் கட்டி, மொறையாக் கேக்கலாம். கேக்கலாமுங்க. இருபது வருசத்துல இன்னிக்குத்தான் மொதத் தடவையா நெஜமாக் கேட்ட மாதிரி ஆகும். செவப்பு வந்துச்சுன்னா? அது நெஜச் செவப்பு. அத ஊட்டுல போய் எப்படிச் சொல்லுவேன்? புரோட்டா எறங்குமுங்களா எனக்கு?

கரடு வந்துருச்சு. அந்தா தெரியுது பாருங்க, வேல் நட்டிருக்கறது. விசில் அடிக்கறாரு.

இருக்கட்டுங்க கண்டக்டர், எறங்கலை. டிக்கெட்டு இங்க வரைக்குந்தான் எடுத்தேன், தெரியும். நால்ரோட்டுக்கு ஒண்ணு குடுங்க. சாமிகிட்டத் திரும்பி வர்றப்பச் சொல்லிக்கறேன். எங்க போயிரப்போறாரு, இருபது வருசமா நான் கேப்பேன்னு இங்கேயேதான் நின்னுக்கிட்டிருக்கறாரு.

மணி என்னங்க? பத்தரையா. இருக்குது நேரம்.

இந்தப் பூட்ட இப்பத்தான் நல்லாப் பாக்கறேன். ஷெட்டுக்குப் பூட்டு அவிய அவியதான் கொண்டாந்து போட்டுக்கோணுமுன்னு ஷெட்டுக்காரரு போன வாரம் சொன்னாரு. நான் ஊட்டுக்குப் போய் வாய் வார்த்தைக்குச் சொல்லி வெச்சேன். காதுல வாங்கின மாதிரியே தெரியலை, பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தா. புதுப் பூட்டுன்னா ரெண்டு சாவி வருமுங்களே. வளையத்துல ஒண்ணுதான் இருக்குது. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனைக்காதீங்க. இன்னொண்ணு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அவ இடுப்புச் சாவிக்கொத்துல இருக்கும்.

எந்திரிச்சு வழி உடுங்க தம்பி. பைய நான் எடுத்துக்கறேன். தக்காளிச் சோறு வாசம் வருது, உங்களுக்கு வருதுங்களா? எறங்கி மொதல்ல சாப்பிட்டுட்டுத்தான் ஷெட்டுக்குப் போகோணும். உங்க செக்கப் பத்தி நான் சொன்னதுல மாத்தமில்லை, நீங்க இன்னும் ரெடியாகலை. ரப்பர் ஸ்டாம்பு கூட இல்லை.

அந்தக் கார்டை ஒரு நிமிசம் குடுங்க. பேனா இருக்குதா? பழைய நம்பர அடிச்சுப்போட்டு செல் நம்பர எழுதித் தர்றேன். செக்குல ஒலக்கை தேஞ்சா, ஷாஃப்ட் போனா, கூப்புடுங்க. இந்தாங்க. எழுத்து கோணல்தான். பஸ்ஸு ஆடுதில்லீங்களா.